ஐம்பத்தெட்டாம் பக்கம்

கிதியோன் லார்க்கமின் மேசை இழுப்பறையில், இறகுப் பேனா சீவும் கத்திக்கும் அரக்குத் துண்டுகளுக்கும் அடியில், ஒரு கடிதம் பதினான்கு வருஷம் கிடந்தது. அவன் எழுதியதுதான். போன மறுநாளே திரும்பி வந்துவிட்டது. அடியில் வேறொரு கையெழுத்தில் மூன்று வரி, ஒரு பெயர், ஒரு தேதி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதை எரித்துவிட வேண்டும் என்று நினைப்பான். அடுப்பில் கரி எரியும். கடிதம் இழுப்பறையிலேயே இருக்கும்.

லண்டனில் லிட்டில் பிரிட்டன் தெருவில் ராப்கினுக்கு அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கீழே கடை, நடுவில் அச்சு, மேலே சன்னலோரம் கிதியோன். மெய்ப்புத் திருத்துவது அவன் வேலை. அச்சுக் கோப்பவர்கள் கவிழ்த்துப் போட்ட எழுத்துகளைப் பிடித்து நிமிர்த்துவான். எழுதியவர்கள் முடிக்காமல் விட்ட வாக்கியங்களை முடித்துவைப்பான். அதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டான்.

கிதியோன் கெட்டவனல்ல. வாடகை தவறாதவன், ஞாயிறு ஆராதனை தவறாதவன். அடுத்தவன் தட்டில் கிடக்கும் இறைச்சி மட்டும் அவன் கண்ணுக்கு எப்போதும் ஒரு விரல் தடிமன் கூடுதலாகத் தெரியும்.

அந்தத் தட்டுக்காரன் பெரும்பாலும் பார்னபி ஸ்னெல்லாக இருந்தான். பார்னபி ஒரு காலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பாடம் நடத்தும்போது பிள்ளைகளைவிட அதிகமாகச் சிரித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு கூலிக்கு எழுதினான். எலிப் பாஷாணத்துக்கு விளம்பரம் எழுதினான். தூக்கில் ஏறப் போகிறவர்களின் கடைசி வார்த்தைகளை, அவர்கள் சொல்வதற்கு முதல் நாளே எழுதிக் கொடுத்தான். 1711இல் ராப்கினுக்காக ஒரு புத்தகம் எழுதினான். கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கான மாதிரிக் கடிதங்கள். ஊரைவிட்டு வேலைக்கு வந்த பெண் தாய்க்கு எழுதுவது, கடன்காரன் தவணை கேட்டு எழுதுவது, மனைவியை இழந்தவன் இன்னொரு விதவைக்கு எழுதுவது என்று எண்பது கடிதங்கள். பெயர் ‘கடிதத் தோழன்’. கையால் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், அதற்காகவே வந்த புத்தகம். அச்சில் ஏற்ற மட்டும் ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை.

அந்த உரிமையைப் பற்றி அப்போது ஊரெல்லாம் பேச்சு. முந்தைய வருஷம்தான் ராணியின் புதிய சட்டம் வந்திருந்தது. அதுவரை புத்தக வியாபாரிகள் சங்கத்தின் பெரிய பதிவேட்டில் யார் பெயரில் புத்தகம் ஏறுகிறதோ அவருக்கே அது என்றென்றைக்கும் சொந்தம். அவருக்குப் பின் விதவைக்கு, மருமகனுக்கு, பேரனுக்கு. எழுதியவன் என்ற பேச்சே அதில் வராது. புதிய சட்டமோ கற்றவர்கள் பயனுள்ள நூல்களை எழுத ஊக்கம் பெறவேண்டும் என்று தொடங்கியது.

புத்தகத்தை ராப்கினுக்கு விற்ற அன்று பார்னபி அந்தச் சட்டத்தின் அச்சுப் பிரதியோடு சாராயக் கடைக்கு வந்தான். கிதியோன் விலாங்கு மீன் பணியாரம் தின்றுகொண்டிருந்தான்.

“டேய் லார்க்கம், கேளு. மகாராணி எனக்குப் பதினாலு வருஷம் குடுத்திருக்கா.”

“உனக்கில்ல. உன்கிட்ட வாங்கினவருக்கு.”

“அதுக்கப்புறம் என்ன போட்டிருக்கு? நீதானே படிக்கிறவன், படி.”

கிதியோன் படித்தான். பதினான்கு வருஷம் முடியும்போது எழுதியவன் உயிரோடு இருந்தால் உரிமை அவனிடமே திரும்பும். மேலும் பதினான்கு வருஷம்.

“உயிரோட இருந்தாத்தான்” என்றான்.

“இருப்பேன்டா. ராப்கின் மூஞ்சியப் பாக்கவாவது இருப்பேன். வேதத்துல யாக்கோபு மாமனார் லாபான் வீட்ல பதினாலு வருஷம் மாடு மாதிரி உழைக்கல?”

“அவனுக்கு ரெண்டு பொண்டாட்டி கெடைச்சுது.”

“எனக்கு ஒண்ணு போதும். அதையே இன்னும் கண்ணால பாக்கல.”

கிதியோன் பார்த்திருந்தான். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை.

அவள் பெயர் டார்கஸ் வீடன். சீப்சைடில் அப்பாவின் கையுறைக் கடையில் நின்றாள். அந்தக் கோடையில் கிதியோன் மூன்று ஜோடிக் கையுறை வாங்கினான். மெய்ப்புத் திருத்துபவனுக்கு ஒரு ஜோடியே அதிகம். வாங்கிவந்து சன்னலோரத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். அடித்தான், திருத்தினான், சுத்தப் பிரதி எடுத்தான். அச்சுக்கு அனுப்புவதுபோல் வரிகளை எண்ணினான். முப்பத்திரண்டு. நவம்பர் இருபத்து மூன்று அவள் பிறந்தநாள். அன்று அனுப்பலாம் என்று வைத்திருந்தான்.

அக்டோபரில் ‘கடிதத் தோழன்’ அச்சேறியது. முகப்புப் பக்கத்து மெய்ப்போடு கிதியோன் கீழே ராப்கினிடம் போனான்.

“வருஷம் என்ன முதலாளி போட?”

“1712ன்னு போடு. இது என்ன கேள்வி? ஜனவரியில போன வருஷத்துப் புத்தகத்த எவன் வாங்குவான்? நேத்து மீன இன்னிக்கு விக்க முடியுமா?”

தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இலையுதிர்காலம் வந்தாலே புத்தகங்களுக்கு அடுத்த வருஷம் பிறந்துவிடும். கிதியோன் எழுதிக்கொண்டான்.

“பதிவேட்டுல ஏத்தணுமே. சட்டப்படி ஒன்பது பிரதி குடுக்கணும். நல்ல காயிதத்துல.”

ராப்கின் கணக்குப் பேனாவைக் கீழே வைத்தார். “ஒன்பதா? எதுக்கு?”

“பெரிய நூலகங்களுக்கு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ்...”

“ஆக்ஸ்போர்டுல எந்தப் பேராசிரியன்யா சமையக்காரிக்குக் கடிதம் எழுதப் போறான்? ஏத்த வேணாம்.”

“எவனாவது திருடி அச்சடிச்சா அபராதம் கேக்க முடியாது முதலாளி.”

“நம்ம சங்கத்துல இன்னொருத்தன் புத்தகத்தத் தொடுற ஆள் கிடையாது. தொட்டா நாலு பேர் மூஞ்சியில முழிக்க முடியுமா? சட்டம் நேத்து வந்ததுய்யா. வழக்கம் எங்க தாத்தா காலத்துது.”

நான்காவது தாள் அச்சேற வேண்டிய மத்தியானம் ராப்கின் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு படைத்தளபதிக்கு அவருடைய வைப்பாட்டி எழுதும் கடிதம் இருந்தது. அதில் வந்த தளபதிக்கு ஊரறிந்த நிஜத் தளபதி ஒருவரின் மூக்கு. “இத எடு. என்னைக் கழுவுல ஏத்திருவாங்க. வேற எதையாவது போட்டு நிரப்பு. முப்பத்திரண்டு வரி. சீக்கிரம்.”

பார்னபியைத் தேட நேரமில்லை. அச்சுக் கோப்பவன் படியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். கிதியோன் இழுப்பறையைத் திறந்தான். முப்பத்திரண்டு வரி அங்கே தயாராக இருந்தது.

அப்படியே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. முகப்பில் 1712 என்று இருப்பதை நினைத்துப் பார்த்தான். புத்தகம் ஜனவரியில் வரும். கடிதம் நவம்பரில் போய்விடும். அதற்குள் அவள் சம்மதம் சொல்லியிருப்பாள். பிறகொரு நாள் தனக்கு வந்த கடிதத்தையே அச்சில் பார்ப்பாள். அந்த முகத்தை நினைத்துக்கொண்டான். பிரதி எடுத்துக் கொடுத்தான். மேலே ‘நாணமுள்ள ஒருவர் கடைக்காரப் பெண்ணுக்கு எழுதுவது’ என்று தலைப்பும் போட்டான்.

நவம்பர் நடுவில் பெருமழை. கிடங்குக் கூரை ஒழுகியது. நனைவதற்குள் தள்ளிவிடுவோம் என்று ராப்கின் முதல் நூறு பிரதிகளைத் தலைச்சுமை வியாபாரிகளிடம் கொடுத்துவிட்டார். பத்திரிகையில் விளம்பரம் ஜனவரியில்தான் வந்தது. கிதியோன் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தான். எழுந்ததும் பிறந்தநாள் ஞாபகம் வந்து கடிதத்தை அனுப்பினான்.

மறுநாள் அது திரும்பி வந்தது. அடியில்:

‘மிஸ்டர் லார்க்கம், இது மிஸ்டர் ஸ்னெல்லின் புத்தகத்தில் ஐம்பத்தெட்டாம் பக்கம். முந்தாநாள் எங்கள் கடையில் உரக்க வாசித்தோம். அடுத்த முறை வேறு பக்கம் பார்த்து எழுதுங்கள். டார்கஸ் வீடன். நவம்பர் 24, 1711.’

ஆயிரம் பேரின் தப்பைப் பிடித்தவன், தன் கையால் போட்ட வருஷத்தைத் தானே நம்பிவிட்டான். போய் ‘நான்தான் எழுதினேன்’ என்று சொல்லியிருக்கலாம். முகப்பில் இன்னொருவன் பெயர் இருக்கிறதே, யார் நம்புவார்கள்?

பார்னபியிடம் மட்டும் சொன்னான், அதுவும் பாதியை. பக்கத்தை நிரப்பியது தான் என்று. கடிதம் அனுப்பியதைச் சொல்லவில்லை.

“நீ எழுதினதா? அட! யார்டா அந்தக் கையுறைக்காரி?”

“யாருமில்ல. கற்பனை.”

“கற்பனையில சீப்சைடுன்னு தெருப் பேரெல்லாம் வருமா? இரு, நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

போய்ப் பார்த்துவிட்டு வந்தான். திரும்பவும் போனான். ஈஸ்டருக்குப் பிறகு டார்கஸ் வீடன், டார்கஸ் ஸ்னெல் ஆனாள். திருமண விருந்தில் கிதியோன் பார்னபிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றான்.

பதினான்கு வருஷத்தில் ‘கடிதத் தோழன்’ பதினோரு பதிப்புக் கண்டது. பதினொன்றுக்கும் மெய்ப்புப் பார்த்தவன் கிதியோன். ஒவ்வொரு முறையும் ஐம்பத்தெட்டாம் பக்கத்தைக் கடைசியில் எடுப்பான். ஒரு காற்புள்ளிகூட நகர்த்த மாட்டான். புத்தகம் விற்பதே அந்தப் பக்கத்தால்தான் என்பது அவன் நம்பிக்கை. தெருவில் யாராவது பார்னபியை நிறுத்தி, “உங்க புத்தகத்தப் பாத்து எழுதினதாலதாங்க எம் பொண்ணுக்கு வேலை கெடைச்சுது” என்றால், பக்கத்தில் நிற்கும் கிதியோன் தொப்பியைச் சரிசெய்துகொள்வான். ‘எந்தப் பக்கம் என்று கேளடா’ என்று மனசுக்குள் சொல்வான். பார்னபி கேட்கவே மாட்டான்.

ராப்கின் இஸ்லிங்டனில் பேரிக்காய்த் தோட்டத்தோடு வீடு வாங்கினார். அவர்மேல் கிதியோனுக்கு ஒரு நாளும் எரிச்சல் வரவில்லை. ராப்கின் எழுதவில்லையே. பார்னபியின் கோட்டில் முழங்கை தேய்ந்து சட்டை தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எரிச்சல் வந்தது. அந்தக் கிழிசலைத் தைக்க அவனுக்கு ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். போகாமலிருக்க அவனால் முடியவில்லை. டார்கஸ் புட்டிங் வெட்டிப் பரிமாறுவாள். பார்னபி தட்டில் பதினேழு திராட்சை, தன் தட்டில் பதினொன்று. பார்னபி எதையோ சொல்லிச் சிரிப்பான், அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் தான் எழுதிய முப்பத்திரண்டு வரி என்று நினைத்தபடி கிதியோன் மென்று விழுங்குவான்.

1725 இலையுதிர்காலத்தில் பார்னபிக்கு நீர்வீக்க நோய். கால்கள் வீங்கி அடிமரம் போலாயின. ஆனாலும் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தான். நவம்பர் இருபதாம் தேதி ராப்கினுக்கு ஆளனுப்பினான். பதினான்கு வருஷம் முடிந்துவிட்டது, நான் உயிரோடிருக்கிறேன், என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். ராப்கின் பதில் எழுதவில்லை. முதற்பதிப்பின் முகப்புப் பக்கத்தைக் கிழித்து அனுப்பினார். 1712 என்ற எண்ணுக்குக் கீழே ஒரு கோடு.

“பாத்தியாடா லார்க்கம், பொறந்த வருஷத்தையே மாத்திட்டான்” என்று பார்னபி சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்கவில்லை. “அடுத்த வருஷம் வரைக்கும் இருன்னு சொல்றான். நல்லதுதானே. ஆயுசு கூட்டறான்.”

முகப்பில் அந்த எண்ணைப் போட்ட கிதியோனின் கை போர்வை ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தது.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பார்னபி இறந்தான்.

டார்கஸ் ஒரு வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் சொன்னது எளிது. புத்தகம் 1711 நவம்பரில் வெளிவந்திருந்தால், பதினான்கு வருஷம் முடிந்த அன்று எழுதியவர் உயிரோடிருந்தார், உரிமை அவரிடம் திரும்பிவிட்டது, இப்போது அது விதவைக்கு. 1712இல் வந்திருந்தால், முடியும் முன்பே அவர் போய்விட்டார், அவளுக்கு ஒன்றுமில்லை. சங்கத்துப் பதிவேட்டில் பதிவில்லை. அச்சுக் கோப்பவன் பெரியம்மையில் போய்விட்டான். தலைச்சுமை வியாபாரிகளை எங்கே தேடுவது? அவளே தேதி சொன்னால் செல்லாது, வழக்கு அவளுடையது.

ராப்கின் கிதியோனைக் கீழே கூப்பிட்டார். “உக்காருய்யா” என்றார். பதினான்கு வருஷத்தில் அந்த வார்த்தை புதிது.

“அந்தம்மா வக்கீல் வெச்சிருக்கு. புத்தகம் வந்தது எப்பன்னு உன்ன வந்து கேப்பான். என்ன சொல்லுவே?”

“முகப்புல 1712ன்னு இருக்கு முதலாளி.”

“போட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்புறம் என்ன? போட்டவனே சொன்னா முடிஞ்சுது.” நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இத்தன வருஷமா நீதான் அந்தப் புத்தகத்தத் தூக்கி நிறுத்தினே. எனக்குத் தெரியாதா? அடுத்த பதிப்பு போடறோம். ஸ்னெல் பேரு செத்துப்போச்சு. ‘கிதியோன் லார்க்கம் எழுதியது’. எப்படி?”

கிதியோன் அன்று வீட்டுக்கு மூன்று தெரு சுற்றிப் போனான். பழக்கடைக்காரியிடம் ஒரு ஆரஞ்சு வாங்கினான். நடந்துகொண்டே உரித்தான். தின்னத் தோன்றவில்லை. இழுப்பறையில் கிடந்த தேதி நினைவுக்கு வந்தது. கிடந்தால் கிடக்கட்டும். அது யாருக்குத் தெரியும்? எழுதியவளே மறந்திருப்பாள். இந்தக் குளிர்காலம் எரித்துவிட வேண்டியதுதான்.

பத்து நாளில் மெய்ப்பு வந்தது. முகப்பில் தன் பெயரை எழுத்து எழுத்தாக மூன்று முறை சரிபார்த்தான். பிழையில்லை. மற்ற தாள்களை வேகமாகப் பார்த்தான். வழக்கம்போல் ஐம்பத்தெட்டாம் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். எடுத்தான்.

அங்கே ஒரு குதிரைக்காரன் தன் எஜமானுக்குச் சம்பள உயர்வு கேட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

கீழே இறங்கி வந்தான். “முதலாளி, ஐம்பத்தெட்டு மாறியிருக்கு.”

“ஆமா. அந்தக் கையுறைக் கடிதத்த எவன்யா பாத்து எழுதறான்? கடைக்கு வர்ற பொண்ணுங்க அதத் திறந்து வெச்சிக்கிட்டுச் சிரிக்குதுங்க. நாலாம் பதிப்புலயே தூக்கியிருக்கணும். ஸ்னெல் விடல.”

“பார்னபியா?”

“ஒவ்வொரு பதிப்புக்கும் வந்து நிப்பான். ‘அது மட்டும் இருக்கட்டும்’பான். ஏன்யான்னா சொல்ல மாட்டான். அதுக்குப் பதிலா மூணு புதுக் கடிதம் சும்மா எழுதித் தருவான். எனக்கென்ன நட்டம்? வெச்சேன். இப்பத்தான் அவன் இல்லையே.”

கிதியோன் மேலே போய் உட்கார்ந்தான். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் புத்தகத்தில் அவனுடையது ஒன்றுமே இல்லை. தன் பெயருக்குக் கீழே இருக்கும் எல்லாக் கடிதங்களும் பார்னபியுடையவை. வேலைக்காரிகள் நிஜமாகவே பார்த்து எழுதியவை. தன்னுடைய ஒன்றைப் பதினான்கு வருஷம் தாங்கிப் பிடித்தவன் அவன். பதிப்புக்கு மூன்று கடிதம், கூலியில்லாமல், சொல்லாமல். இந்த நல்ல மனசும் அவனுக்குத்தானா என்று நினைத்தபோது கிதியோனுக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய எரிச்சல் வந்தது. இறந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

இழுப்பறையைத் திறந்தான். கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு டார்கஸ் வீட்டுக்கு நடந்தான்.

அவள் சன்னலருகே கையுறைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வாங்க மிஸ்டர் லார்க்கம். உங்க பேர்ல புத்தகம் வருதாமே. கறிக்கடையில சொன்னாங்க.”

“மிஸஸ் ஸ்னெல், அந்த ஐம்பத்தெட்டாம் பக்கம் நான் எழுதினது.”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“கல்யாணமான வாரத்துலேருந்து. அவர் சொன்னார். நீங்க எனக்கு அனுப்பினது அவருக்குத் தெரியாது. நான் சொல்லல. சொன்னா வருத்தப்பட்டிருப்பார்.”

கிதியோன் தொப்பியைக் கையில் சுற்றினான். “அப்ப நான் பாத்து எழுதலன்னு தெரிஞ்சுதான்...”

“தெரிஞ்சு என்ன செய்யணும்? ஓடிவந்து மன்னிப்புக் கேக்கணுமா?” ஊசியில் நூல் கோத்தாள். “அது நல்ல கடிதம் இல்லீங்க. ‘நீங்கள் அளக்கையில் என் விரல்களை எண்ணினீர்கள், அன்றுமுதல் அவை என்னுடையவை அல்ல.’ கையுறை அளக்கறவ விரல எண்ணாம எத எண்ணுவா? கருவாட்டுக்காரன் விரலையும்தான் எண்ணினேன்.”

“அவன் உங்களுக்கு எந்தக் கடிதம் எழுதினான்?”

“அவரா? ஒண்ணும் எழுதல. கடைக்கு வந்தார், மழை. நிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தார். நின்னப்புறமும் உக்காந்திருந்தார்.”

தெருவில் கரிவண்டி போயிற்று. மூன்று ஜோடிக் கையுறை வாங்கிய கோடையில் ஒரு நாள்கூடத் தான் உட்காரவில்லை என்பது கிதியோனின் நினைவுக்கு வந்தது.

“உரிமை உங்க கைக்கு வந்தா” என்றான், “அந்தப் பக்கம் இருக்குமா?”

அவள் தையலை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். “இதுக்குத்தான் வந்தீங்களா?”

“இருக்குமா, இருக்காதா?”

“அவர் வெச்சிருந்தார். நானும் வெச்சிருப்பேன். புடிச்சதுக்காக இல்ல.”

கிதியோன் கடிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் முதலில் அது எதுவென்று புரியாமல் பார்த்தாள். பிறகு அடியில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். பக்க எண்ணைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள்.

“இதப் போயி ஏன் வெச்சிருந்தீங்க?”

கிதியோன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினான்.

வாக்குமூலம் எழுத வக்கீல் அவனைச் சான்சரி தெருவுக்கு அழைத்துப்போனார். படியேறும்போது தணிந்த குரலில் சொன்னார்: “ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். உம்ம பக்கம் ஒண்ணு அந்தப் புத்தகத்துல இருக்குன்னு அந்தம்மா சொல்லிச்சு. அத அங்க சொல்ல வேணாம். புத்தகம் முழுக்க ஸ்னெல்லோடது இல்லன்னு ராப்கின் ஆளு பிடிச்சுக்குவான்.”

எழுத்தர் வேதாகமத்தின்மேல் கை வைக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி உரக்க வாசித்தார். விரல்கள் வந்த இடத்தில் மூக்கைச் சொறிவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார். அடியிலிருந்த மூன்று வரிகளை நிதானமாக வாசித்தார்.

“இந்தக் கடிதத்தை இந்தப் பெண்மணிக்கு அனுப்பியது நீர்தானே?”

“நான்தான்.”

“இது புத்தகத்திலிருந்து நீர் பார்த்து எழுதியது. அப்படித்தானே?”

பதினான்கு வருஷமாக யாராவது கேட்கவேண்டும் என்று காத்திருந்த கேள்வி. சத்தியம் செய்த கை இன்னும் வேதாகமத்தின்மேல்தான் இருந்தது.

“எல்லாரும் பாத்து எழுதத்தான்யா அந்தப் புத்தகம்” என்றான்.

எழுத்தர் தலையாட்டிவிட்டு, மேற்படியார் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொள்கிறார் என்று எழுதினார். படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னார். கிதியோன் படித்தான். அந்த வரியில் பேனா நின்றது. பிழை கண்ட இடத்தில் ஓரத்தில் கோடு போட்டே பழகிய கை. அவன் கோடு போடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டான்.

வாக்குமூலத்தைப் பார்த்ததும் ராப்கின் வழக்காடவில்லை. அன்றே கிதியோனின் இழுப்பறைச் சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டார். கிதியோனுக்கு, அந்நாளில் வீடும் கடையுமாக இருந்த லண்டன் பாலத்தின்மேல் ஒரு சின்னப் புத்தகக் கடையில் பாதிக் கூலிக்கு வேலை கிடைத்தது. ‘கடிதத் தோழ’னின் பன்னிரண்டாம் பதிப்பை டார்கஸ் அந்தக் கடைக்கே கொடுத்தாள். இந்த முறை பதிவேட்டில் ஏறியது. நல்ல காகிதத்தில் ஒன்பது பிரதிகளும் போயின. முகப்பில் பார்னபி ஸ்னெல் என்று இருந்தது. வருஷம் சரியாக இருந்தது.

அதன் பிறகு கிதியோன் பதினொரு வருஷம் இருந்தான். ஞாயிறு விருந்துகளுக்கு அவள் கூப்பிடவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. கண் மங்கிய பிறகு கடைக்காரர் அவனை முன்பக்கம் உட்காரவைத்தார். பொடி எழுத்தில் மெய்ப்புப் பார்க்க முடியாது, புத்தகம் எடுத்துக் கொடுக்கலாம்.

ஒருநாள் காலை, கூடையில் முட்டைக்கோசோடு ஒரு வேலைக்காரப் பெண் வந்தாள். ‘கடிதத் தோழ’னைப் புரட்டினாள். விரலை எச்சில்படுத்தி ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு என்று பார்த்துக்கொண்டே வந்தாள். எந்தப் பக்கம் என்று அவள் விரல் அசைவிலேயே கிதியோனுக்குத் தெரிந்தது.

ஐம்பத்தெட்டில் ஒரு நிமிஷம் நின்றாள். உதடு அசைந்தது. தோள் லேசாகக் குலுங்கியது.

“அது யாரு எழுதினதுன்னு தெரியுமாம்மா?” என்றான் கிதியோன்.

அவள் முகப்பைத் திருப்பிப் பார்த்தாள். “மிஸ்டர் ஸ்னெல்னு போட்டிருக்கே.”

“ஆமா” என்றான்.

அவள் புரட்டி அறுபத்தொன்றுக்குப் போனாள். ஊரைவிட்டு வந்த மகள் தாய்க்கு எழுதுவது. அதைத் திறந்துவைத்துக்கொண்டு, எழுதிக்கொள்ளக் காகிதமும் மையும் கிடைக்குமா என்று கேட்டாள். கிதியோன் எடுத்துக் கொடுத்தான். பெரிய பெரிய எழுத்தாக அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் ஒரு பிழையும் விடவில்லை.